அம்மாக்கள் கட்டம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். சொன்னவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. ஆமை புகுந்த பிறகுதான் அந்த மனிதர் உருப்பட்டார்.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாள் முன்னறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், அதோடு சரி. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கை கழுவியதும் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவார். எதைக் கேட்டாலும் "ம்". சில நாள் அந்த "ம்"முக்கும் பஞ்சம். எங்கள் ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் சத்தம் என்று இருந்ததெல்லாம் என் தையல் மெஷின் சத்தம்தான். அப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ஒரு நாள் காலையில் என் நச்சரிப்புத் தாங்காமல் ஆற்றங்கரைக்கு நடக்கப் போனவர், நாய்கள் தோண்டிப் போட்டிருந்த ஆமை முட்டைகளைத் தொப்பியில் அள்ளிக்கொண்டு வந்தார். நான் துணி அலசும் தொட்டியின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதில் மணலை நிரப்பி முட்டைகளைப் புதைத்தார். நான் சும்மா இருப்பேனா? தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டேன். மனிதர் கல்லுளிமங்கன் மாதிரி நின்றார். பல வாரம் கழித்து மணல் அசைந்தது. "இந்தா, இங்க வா, இங்க வந்து பாரேன்!" என்று அவர் கூப்பிட்டபோது யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். தொட்டியை அவருக்கே தானம் கொடுத்துவிட்டேன்.

தொட்டி கொட்டகையானது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தகரம் வேய்ந்து, மணல் பெட்டிகளை வரிசையாக வைத்தார். ஆமை முட்டையைப் புரட்டக் கூடாதாம், புரட்டினால் உள்ளே கரு செத்துவிடுமாம். எடுத்தவுடன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி வானத்தைப் பார்த்தபடியே ஆற்றிலிருந்து கொட்டகை வரை வரும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் இவ்வளவு பதமாக நடந்ததில்லை. நூறு முட்டைக்குத் தொண்ணூறு குஞ்சு பொரியும். மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் தலையில் விழுந்த வேலை. குழாய் கீழே, கொட்டகை மேலே, நடுவில் படிக்கட்டு. கொஞ்ச நாளாகப் பாதிப் படியில் வாளியை வைத்துவிட்டு, நெஞ்சு படபடப்பு அடங்கும் வரை நிற்க வேண்டியிருக்கிறது. வயதானால் படியும் உயரமாகிவிடும் போல என்று நினைத்துக்கொள்வேன்.

முட்டையிட வரும் தாய் ஆமைகளின் ஓட்டு விளிம்பில் அரத்தால் சின்ன வெட்டுப் போடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் வெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். ராணியம்மா, அவசரக்காரி, ஒட்டுப்போட்டவள், டீச்சரம்மா. எந்தெந்த வருடம் எவளெவள் வந்தாள் என்பது எல்லாம் வாயிலேயே இருக்கும். யாராவது வராமல் போனால், "வேற மணல்திட்டுக்குக் குடி போயிருப்பா" என்பார். நானும் சரி என்று கேட்டுக்கொள்வேன். ஆமைக்கு வாடகையா, முன்பணமா, எங்கே வேண்டுமானாலும் குடிபோகலாம்.

பிறகு மகன் கல்யாணம் செய்துகொண்டான். கட்டிய கையோடு கப்பலேறிவிட்டான். மருமகள் எங்களோடு இருந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஏதோ வண்டு பற்றிய ஆராய்ச்சி. கொட்டகையைப் பார்த்தாள், மாமனார் வாயிலிருந்து ராணியம்மாவின் வரலாற்றைக் கேட்டாள், வண்டு பறந்துவிட்டது. மாமனாரும் மருமகளும் ஆமை ஆமை என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதில் ஓடு முளைக்காத குறை.

வீட்டில் பெரிய மேசை ஒன்றுதான், நான் துணி வெட்டுகிற மேசை. ஒரு நாள் என் தையல் சாக்பீஸை எடுத்து அதில் பெரிய சதுரம் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து, நாலுக்கு நாலு கட்டமாகப் பிரித்தாள்.

"பள்ளிக்கூடம் மாதிரி நினைச்சுக்கோங்க மாமா. நாலு வகுப்பு. குஞ்சு, சின்னது, பெருசு, அம்மா. இந்த வருஷம் நூறு குஞ்சு இருந்தா, அடுத்த வருஷம் எத்தனை உயிரோட இருக்கும், எத்தனை அடுத்த வகுப்புக்குப் போகும், எத்தனை அதே வகுப்புல நிக்கும்? ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த எண்ணைப் போடணும்."

"ஃபெயிலானா அதே வகுப்பு. சரி, மேல மூலையில இருக்கே, இது?"

"அது அம்மாக்கள் கட்டம். ஒரு அம்மாவால எத்தனை குஞ்சு வருதுன்னு அங்க போடணும். இந்த வருஷக் கூட்டத்தை இந்தக் கட்டங்களால பெருக்கினா அடுத்த வருஷக் கூட்டம். திரும்பத் திரும்பப் பெருக்கிட்டே போனா, கூட்டம் பெருகுதா கரையுதான்னு தெரிஞ்சிடும்."

இதற்கு அணி என்று பெயராம். எனக்கு அணி என்றால் கழுத்தில் போடுவதுதான் ஞாபகம் வரும், அதுவும் இப்போது இல்லை. அன்றிலிருந்து அவளுக்குக் 'கட்டக்காரி' என்று பட்டம் கொடுத்தார் மாமனார். வெள்ளம் வந்த வருடத்துக்கு ஒரு கட்டம், வறண்ட வருடத்துக்கு ஒரு கட்டம், இரண்டையும் கலந்து ஒன்று என்று கணினியில் அவள் பெருக்காத பெருக்கல் இல்லை. நான் வீடு பெருக்கியதைவிட அவள் பெருக்கியது அதிகம்.

ஆற்றுத் துறை அதிகாரி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நல்ல மனிதர், எதற்கெடுத்தாலும் "பார்க்கலாங்க ஐயா" என்பார். ஆமைக்காக அவரிடம் இருந்த தொகை ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும். பெரிய பொரிப்பகம் கட்டி என் வீட்டுக்காரரைப் பொறுப்பாளராகப் போடலாம். இல்லையென்றால் ஆற்றின் ஆழமான மடுவில் மீன் பிடிக்கிறவர்களின் வலைகளை மாற்றிக் கொடுக்கலாம். அங்கே நீளப் பை வலை போடுகிறார்கள். ஆமை உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது. மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்துவிடும். ஆமை வெளியேற வழி வைத்த புது வலை விலை அதிகம். எது வேண்டும் என்பதை மருமகளின் கணக்குதான் சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி.

கணக்கு சொல்லிற்று. ஆயிரம் ஆமை இருந்தால் அடுத்த வருடம் ஆயிரத்து நாலு.

"நாலு ஆமைக்கா இந்த ஆட்டம்?" என்று கேட்டேன். "நாலுன்னாலும் கூடுதே அத்தை! ஒவ்வொரு வருஷமும் கூடும்ல!" என்று அவள் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கூட்டம் பெருகுகிறது என்றால் கொட்டகை வேலை செய்கிறது என்று அர்த்தம். பொரிப்பகத்துக்கு அதிகாரி ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை அடிக்கல், பெயர்ப் பலகையில் என் வீட்டுக்காரர் பெயர். நானே துணி எடுத்து அவருக்கு ஒரு சட்டை தைக்க ஆரம்பித்தேன். கழுத்தளவு எடுக்கும்போது சிரித்துக்கொண்டே நின்றார். கழுத்தை ஆட்டாதீங்க என்று அதட்டினேன். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். புதன்கிழமை மதியம் நான் காலர் வைத்துக்கொண்டிருந்தேன், மேசையின் அந்தப் பக்கம் அவள் கணினியோடு இருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடி, கப்பல்ல ஏதாவதா?" என்று பதறிவிட்டேன்.

"இல்ல அத்தை. கட்டத்துல தப்பு. மேல் மூலை."

சாக்பீஸால் மேசையில் போட்டே காட்டினாள். நாங்கள் ஆமைகளை எண்ணுவது குஞ்சுகள் ஆற்றில் இறங்கும் சமயத்தில். அப்படி எண்ணினால், அடுத்த வருடக் குஞ்சு வர வேண்டும் என்றால் தாய் முதலில் இடையில் இருக்கிற ஒரு வருடத்தை உயிரோடு தாண்டியாக வேண்டும். நூறு தாய்களில் எழுபத்தைந்துதான் தாண்டுகின்றன. குஞ்சுக் கணக்கை அந்த எழுபத்தைந்துக்குத்தான் போட்டிருக்க வேண்டும். இவள் நூறுக்கும் போட்டுவிட்டாள். செத்துப்போன தாய்களும் வந்து முட்டையிட்ட கணக்கு.

"இந்தக் கணக்கு போடுறவங்க எல்லாரும் விழுற குழிதான் அத்தை. வாத்தியார் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். அப்படியும் விழுந்துட்டேன்."

"சரி பண்ணினா எவ்வளவு?"

"ஆயிரம் இருந்தா தொள்ளாயிரத்து எண்பத்தஞ்சு."

அதாவது, கரைகிறது. இவர் முட்டை பொறுக்கப் பொறுக்க, கூட்டம் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது.

எனக்கு ஆமை ஞாபகம் வரவில்லை. முன்னறை நாற்காலிதான் கண்ணில் நின்றது. "வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன். "யாருக்குத் தெரியப் போகுது? சனிக்கிழமை போகட்டும், அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்."

"அப்புறம் வலைக்குக் காசு இருக்காது அத்தை."

"இல்லாட்டி போகுது! உங்க மாமா திரும்ப அந்த நாற்காலியில உட்கார்ந்தா யாருடி எழுப்புறது? நீயா? நீ இன்னிக்கு இங்க இருப்ப, நாளைக்கு கப்பல்காரன்கூடப் போயிடுவ. நான்தானே அந்த 'ம்'முக்கு வாக்கப்பட்டவ!"

பதிலுக்கு அவளும் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். கண்ணீர் விழுந்து சாக்பீஸ் கோடு அழிந்தது. சட்டையை மட்டும் நகர்த்தி வைத்தேன். என் கோபம் அவள் மேல் இல்லை என்று எனக்கே தெரியும், ஆனால் வேறு யார் மேல் காட்டுவது? கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமாகிட்ட சொல்லாம அதிகாரிகிட்ட போக மாட்டேன். ஆனா போவேன்" என்றாள்.

சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், தட்டில் விரல் காய்ந்துகொண்டிருந்தது.

"முட்டை எல்லாமே பொரிஞ்சா?" என்று கேட்டார். "நூத்துக்கு நூறு போட்டுப் பாரு."

போட்டாள். "தொள்ளாயிரத்து தொண்ணூத்தி ரெண்டு மாமா."

"நூறு போட்டுமா?"

"நீங்க ஏற்கெனவே தொண்ணூறு கொண்டுவந்துட்டீங்க. இதைவிட யாராலயும் செய்ய முடியாது. மிச்சம் இருக்கிறதே பத்துதான் மாமா."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவள் சொன்னதல்ல, அது உண்மை.

"அம்மாக்களை மாத்திப் பாரு."

"எழுபத்தஞ்சை எண்பது ஆக்குறேன். நூறு அம்மாவுல அஞ்சு பேர் மட்டும் கூடப் பிழைச்சா…" தட்டினாள். "ஆயிரத்து ரெண்டு."

"அஞ்சே பேரு."

"அஞ்சே பேர்தான்."

பிறகு, "முதல்ல எப்படித் தப்பாச்சு?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்கிற குரல்.

"அம்மாங்க எல்லாரும் அடுத்த வருஷமும் இருப்பாங்கன்னு நானாவே எடுத்துக்கிட்டேன் மாமா."

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இந்த வீட்டுல எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கிறீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினேன். அன்றைக்குப் படிக்கட்டில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார்.

வியாழக்கிழமையும் நாற்காலி. வெள்ளிக்கிழமையும் நாற்காலி. மணல்திட்டுக்குப் போகவில்லை. மருமகள் அதிகாரிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் "பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டு, அடிக்கல் ஏற்பாட்டை நிறுத்தவும் இல்லை, நடத்தவும் இல்லை. ஐயா என்ன சொல்கிறாரோ அதுதான் என்றாராம். பழியைத் தூக்கி எங்கள் வீட்டு வாசலில் வைப்பதில் இந்த அதிகாரிகளுக்கு இணை யாரும் இல்லை. மருமகள் எனக்குப் பயந்து சமையலறையிலும், மாமனாருக்குப் பயந்து மாடியிலுமாகத் திரிந்தாள். நான் பொத்தான் துளை தைத்தேன். சட்டை எதற்கு என்று தெரியாமலேயே தைத்தேன். கை சும்மா இருந்தால் பயம் கூடுதலாகிறது.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், நாற்காலி காலி. அவர் கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "காலர் கொஞ்சம் இறுக்கம்" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அதுவும் என் தையலில் குறை. வேறு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

மேட்டில் பத்திருபது பேர் கூடியிருந்தார்கள். மடுவில் வலை போடுகிறவர்கள் நாலைந்து பேர் ஓரமாக நின்றார்கள். பலகை துணி மூடி ஒரு கம்பத்தில் சாய்ந்திருந்தது. அதிகாரி ஏதோ பேசிவிட்டு இவரைப் பார்த்தார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்கும் பிடி தேவையாகத்தான் இருந்தது.

இவர் மேடைப் பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பதைத் தவிர கூட்டத்திடம் அவர் எதுவும் சொன்னதில்லை.

"ராணியம்மா வரல," என்று ஆரம்பித்தார். எல்லோரும் விழித்தார்கள். "அவசரக்காரி வரல. ஒட்டுப்போட்டவ வந்து மூணு வருஷமாச்சு. டீச்சரம்மா போன வருஷம் வரல, இந்த வருஷமும் வரல. வேற திட்டுக்குக் குடி போயிருப்பாங்கன்னு நானே சொல்லிட்டிருந்தேன். எங்கயும் போகல. மடுவுல செத்துட்டாங்க. அது எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். சொல்ல வாய் வரல, அவ்வளவுதான்."

வலைக்காரர்களைப் பார்த்தார். "உங்களைக் குத்தம் சொல்லல. உங்களுக்கும் வயிறு இருக்கு. வழி வச்ச வலை கொடுத்தா போடுவீங்களா?"

அவர்களில் மூத்தவர், "மீன் குறையாம இருந்தா ஏன் போட மாட்டோம்?" என்றார்.

"அப்ப அதை வாங்குங்க" என்றார் அதிகாரியிடம். "எனக்கு இருக்கிற கொட்டகை போதும்."

அதிகாரி பலகையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "பேரெல்லாம் எழுதியாச்சுங்களே ஐயா…"

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? அதுல 'ஆமை இருக்கு, பார்த்து வலை போடுங்க'ன்னு எழுதி மடுவுல நடுங்க. என் பேரு தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் ஓடிப்போய் மாமனாரின் புதுச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "கட்டக்காரி, கணக்கைச் சரியா போடணும்டி" என்று அவள் தலையில் லேசாகத் தட்டினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று நாளாக அந்தப் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், இப்போது எந்த முகத்தோடு போவது? அவளே வந்து, "அத்தை, காலர் இறுக்கமெல்லாம் இல்ல, அளவாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு வாளியை எடுத்தேன். ஊருக்கு என்ன முடிவானாலும் பழைய கொட்டகையில் முட்டை இருக்கிறது, மணல் காயும். பாதிப் படியில் வழக்கம்போல் நின்றேன். கீழே இருந்து காலடிச் சத்தம் கேட்டது. வாளியின் பிடியில் என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது.

"எத்தனை நாளா இப்படி நின்னு நின்னு ஏறுற?"

"அடேயப்பா, கண்ணு தெரியுதா இப்ப? நான் நிக்கிறேன், உட்கார்றேன், உங்களுக்கென்ன?"

"எத்தனை நாளாம்மா?"

அம்மா என்று அவர் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. "மழைக்கு முன்னாடியிலிருந்து" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

அவர் வாளியை என் கையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். "வா, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம். இப்பவே."

"இப்பவேவா? தண்ணி தெளிக்கலையே, முட்டை காஞ்சிடும்…"

"முட்டை கிடக்கட்டும்" என்றார்.

பென்சில் புள்ளி சாயாமல் ஆற்றிலிருந்து முட்டையைச் சுமந்து வந்த மனிதர் சொன்னார் அதை. எனக்குக் கண்ணை மறைத்தது. மேலே மருமகள் எட்டிப் பார்த்து, "நான் தெளிச்சுக்கிறேன், நீங்க போங்க அத்தை!" என்று கத்தினாள். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் நின்று, நான் காலை ஊன்றிய பிறகுதான் அடுத்த படிக்கு இறங்கினார்.